அபாயகரமான தொழிற்கழிவை வகை பிரிப்பது எப்படி: டிரம்மிலிருந்து அல்ல, பிறந்த இடத்திலிருந்து

2006 ஜூலையில் ப்ரோபோ கோவாலா என்ற கப்பல் ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் திரவக் கழிவை இறக்க வந்தது. கப்பல் தொட்டிகளைக் கழுவிய நீர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இறக்கத் தொடங்கியதும் கிளம்பிய நாற்றம் அக்கம்பக்கத்தையே கலக்கியது. சோதித்துப் பார்த்ததில் சுத்திகரிப்புச் செலவு பல மடங்கு ஏறிவிட்டது. கழிவு திரும்பக் கப்பலுக்கே போனது. அடுத்த மாதம் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில், சுமார் 500 கன மீட்டர் கழிவை ராத்திரியோடு ராத்திரியாகப் பல இடங்களில் கொட்டினார்கள். பல்லாயிரம் பேர் மூச்சுத் திணறலும் வாந்தியுமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்.

உண்மையில் அது என்ன? கந்தகம் மிகுந்த நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் லேசான எண்ணெய்) கப்பலிலேயே காஸ்டிக் சோடாவால் கழுவியதில் மிஞ்சிய கழிவு. அதாவது ஒரு சுத்திகரிப்பு ஆலையில் நடக்க வேண்டிய வேலையின் மிச்சம். கிடந்த இடத்தை வைத்துப் பெயர் சூட்டினால் அது 'கப்பல் தொட்டி நீர்'. பிறந்த வேலையை வைத்துப் பார்த்தால் சல்ஃபைடும், கடுமையாக நாறும் கந்தகச் சேர்மமான மெர்காப்டனும் நிறைந்த காரக் கழிவு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. கழிவை வகை பிரிக்கும் வேலை டிரம்முக்கு முன்னால் நின்று தொடங்குவதில்லை. அந்த டிரம் நிரம்பிய இயந்திரத்தடியில் தொடங்குகிறது.

படி 1: ஆலையைச் சுற்றி நடங்கள்

முதலில் ஒரு காகிதத்தில் உற்பத்தி வரிசையைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று எழுதுங்கள். உள்ளே போன குரோமிக் அமிலம் 100 கிலோ, பொருளின் மேல் படிந்தது 20 கிலோ என்றால் மீதி எங்கேயோ இருக்கிறது: கழுவிய நீரில், கசடில், புகைபோக்கியின் வடிகட்டியில். கணக்கு இடிக்கிற இடத்தில்தான் யாரும் பட்டியலில் சேர்க்காத கழிவு ஒளிந்திருக்கும்.

தினமும் வரும் கழிவை யாரும் மறப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவதைத்தான் மறப்பார்கள். ஆண்டுப் பராமரிப்பில் தொட்டியின் அடியிலிருந்து சுரண்டி எடுக்கும் வண்டல், மாற்றிப் போட்ட வினையூக்கி, கிழிந்த வடிகட்டிப் பை, காலாவதியான ரசாயனம், ஆய்வகத்தில் மிஞ்சிய சின்னச் சின்ன பாட்டில்கள், எண்ணெய் துடைத்த துணி, காலி டிரம். இவற்றின் எடை குறைவுதான். ஆனால் ஆபத்து எடையைப் பார்த்து வருவதில்லை. பராமரிப்புப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கோப்பிலும் கிடைக்காத விவரம் அவரிடம் இருக்கும்.

படி 2: மூலத் தொழிலையும் செயல்முறையையும் குறியுங்கள்

ஐரோப்பியக் கழிவுப் பட்டியல் இந்த வகையில் நல்ல ஆசான். அதில் 20 அத்தியாயங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் ஆறு இலக்கக் குறியீடு. முதல் இரண்டு இலக்கம் தொழில், அடுத்த இரண்டு செயல்முறை, கடைசி இரண்டு கழிவு. குறியீட்டின் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அபாயகரமானது. எந்த நாட்டில் இருந்தாலும் இதில் தேடும் வரிசையைப் பழகிக்கொள்வது நல்லது. முதலில் தொழில்வாரி அத்தியாயங்களான 01 முதல் 12 வரையும், 17 முதல் 20 வரையும் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால்தான் எண்ணெய், கரைப்பான், பொதிப்பொருள் என்று பொருள்வாரியாக இருக்கும் 13, 14, 15. அதிலும் இல்லையென்றால் 16. அப்போதும் கிடைக்காதபோதுதான் 99 என்று முடியும் 'வேறெங்கும் குறிப்பிடப்படாதவை'. எடுத்த எடுப்பிலேயே 99-ஐ எழுதுபவர் தேடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, எந்தத் தொழிலில் எதைத் தேடுவது?

உலோகப் பூச்சுத் தொழிலில் பொருளை முக்கியெடுக்கும் கரைசல்தான் குளியல்: செப்புக்குச் சயனைடு குளியல், நிக்கல் குளியல், குரோமிக் அமிலக் குளியல், அதற்கு முன் துருவெடுக்கும் அமிலம், அதற்கும் முன் பிசுக்கெடுக்கும் கரைப்பான் அல்லது காரம் என்று வரிசையாக இருக்கும். இவற்றின் கழுவுநீர் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து உலோக ஹைட்ராக்சைடு கசடாகிறது. பார்ப்பதற்குக் குளத்துச் சேறு மாதிரி சாதுவாக இருக்கும்.

மின்வில் உலையில் எஃகு உருக்கும் இடத்தில், உலையிலிருந்து வரும் கசடுப்பாறையைவிட புகையைப் பிடிக்கும் பைகளில் சேரும் தூசிதான் கவனிக்க வேண்டியது. பழைய இரும்போடு வந்த துத்தநாகம், ஈயம், காட்மியம் எல்லாம் ஆவியாகி அந்தத் தூசியில் வந்து குளிர்கின்றன. வார்ப்பாலை, ஈய உருக்காலை எங்கும் இதே கதைதான்: கொதிநிலை குறைந்த உலோகம் புகையோடு போய்விடும். உலை இருக்கும் இடமெல்லாம் முதலில் வடிகட்டியைப் பாருங்கள்.

அலுமினியத்தில் இரண்டு தனித்தனிக் கழிவுகள். தாதுவிலிருந்து அலுமினா எடுக்கும்போது வருவது செம்மண் குழம்பு போன்ற சிவப்புச் சேறு. அதன் அபாயம் காரத்தில். உலோகம் எடுக்கும் மின்பகு கலங்களின் கார்பன் உள்பூச்சு சில ஆண்டுகளில் தேய்ந்து கழிவாகும். அதன் அபாயம் ஊறிப்போன ஃபுளோரைடிலும் சயனைடிலும். அது நனைந்தால் தீப்பிடிக்கும் வாயுக்களை வெளிவிடும். மழை படாமல் வைக்க வேண்டிய கழிவு என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய்த் தொட்டியின் அடிவண்டல், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டியின் கசடு, காஸ்டிக் கழிவு, அப்புறம் வினையூக்கி. கந்தகம் நீக்கும் வினையூக்கியில் மாலிப்டினம், நிக்கல் அல்லது கோபால்ட் இருக்கும். பயன்படுத்தி முடித்த பின் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. ஒரே கழிவில் நச்சும் நெருப்பும்.

மருந்து, பூச்சிக்கொல்லி, சாய ரசாயனத் தொழில்களில் கழிவின் பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்: வடித்தபின் மிஞ்சும் தார் போன்ற அடிமண்டி, பயன்படுத்திய கரைப்பான், பயன்படுத்திய கார்பன், தரம் தவறிய சரக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே மூலப்பொருள் பட்டியலும் வேதிவினையும் கையில் இல்லாமல் வகை பிரிக்க முடியாது. குளோரின் உள்ள கரைப்பானா, இல்லாததா என்பது முதல் கேள்வி. எரிக்கும்போது இரண்டும் முற்றிலும் வேறு நடத்தை.

தோல் பதனிடும் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். பூச்சுத் தொழிலில் வருவது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். அதனால்தான் அமெரிக்க விதிகளில், குரோமியம் முழுக்க மூவிணைதிற வடிவில் இருக்கும் சில தோல் கழிவுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதே தோல் துண்டுகளைத் திறந்தவெளியில் எரித்தால், சூட்டிலும் காற்றிலும் ஒரு பகுதி ஆறிணைதிறமாக மாறிச் சாம்பலில் நிற்கும். தனிமத்தின் பெயர் போதாது, அதன் வடிவமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரப் பதப்படுத்தலில் கிரியோசோட், பென்டாகுளோரோஃபீனால், ஆர்சனிக் கலந்த உப்புகள். மின்னணுத் தொழிலில் செதுக்கப் பயன்படும் அமிலங்கள், குறிப்பாக ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். பெயின்ட், அச்சுத் தொழிலில் கரைப்பானும் நிறமியும். பாதரசக் கலம் வைத்துக் குளோரின் எடுத்த பழைய ஆலைகளில் பாதரசம் கலந்த உப்புச் சேறு. வெப்பப் பதப்படுத்தலில் சயனைடு, பேரியம் உப்புகள்.

படி 3: எல்லாத் தொழிலிலும் வரும் கழிவைத் தனியே எடுங்கள்

இயந்திரம் இருந்தால் பயன்படுத்திய எண்ணெய் இருக்கும். அப்புறம் பேட்டரி, குழல்விளக்கு, ரசாயனம் ஒட்டிய சாக்கு, உறிஞ்சு துணி, பழைய கட்டடத்தின் ஆஸ்பெஸ்டாஸ். இவற்றுக்கு மூலத் தொழில் முக்கியமில்லை, பொருளே அடையாளம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய மின்மாற்றி எண்ணெயைச் சாதாரண எண்ணெய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பி.சி.பி. என்ற, எளிதில் சிதையாத குளோரின் நச்சுச் சேர்மம் இருக்கலாம். இப்படி நெடுநாள் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 0.005 சதவீதத்தை, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கை, எல்லையாகக் கொள்கிறது. அந்த எண்ணெயில் ஒரு வாளி, பெரிய தொட்டி நிறைய நல்ல எண்ணெயைக் கெடுத்துவிடும்.

படி 4: பட்டியலில் பெயர் இருக்கிறதா?

இப்போது உங்கள் நாட்டுச் சட்டப் பட்டியலை எடுங்கள். உலகெங்கும் பட்டியல்கள் இரண்டு மூன்று அச்சில்தான் வார்க்கப்பட்டவை. 1989-ல் ஏற்கப்பட்டு 1992-ல் நடைமுறைக்கு வந்த பாசெல் உடன்படிக்கை, நாடு விட்டு நாடு போகும் அபாயக் கழிவைக் கட்டுப்படுத்துவது. அதன் குறியீடுகளில் ஒய் 1 முதல் ஒய் 18 வரை கழிவு எந்த வேலையில் பிறந்தது என்பதை வைத்து. ஒய் 19 முதல் ஒய் 45 வரை உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்து. ஒய் 17 உலோக, பிளாஸ்டிக் பரப்புச் சிகிச்சைக் கழிவு. ஒய் 21 ஆறிணைதிறக் குரோமியச் சேர்மங்கள். ஒரே கசடுக்கு இரண்டும் பொருந்தலாம். கழிவு எல்லை தாண்டிப் போக வேண்டுமென்றால் இந்தக் குறியீடு இல்லாமல் நகராது.

அமெரிக்க முறையில் நான்கு பட்டியல். எஃப் பட்டியல் பல தொழில்களுக்குப் பொதுவான செயல்முறைகள். பூச்சுத் தொழில் கசடு அங்கே எஃப் 006. கே பட்டியல் குறிப்பிட்ட தொழில்கள்; மின்வில் உலைத் தூசி கே 061. பி, யு இரண்டும் பயன்படுத்தாமலே தூக்கிப் போடும் ரசாயனங்கள். பி-யில் இருப்பவை கடும் நஞ்சு.

ஐரோப்பியப் பட்டியலில் 'கண்ணாடிப் பதிவுகள்' என்றொரு ஜோடி வரும். எஃகு ஆலைப் புகை வடிகட்டித் தூசியையே எடுத்துக்கொள்வோம்: அபாயப் பொருள் இருந்தால் நட்சத்திரத்தோடு 10 02 07, இல்லாவிட்டால் 10 02 08. எது உங்களுடையது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். சோதிக்காமல் நட்சத்திரம் இல்லாததைத் தேர்ந்தெடுப்பது பரவலான கெட்ட பழக்கம்.

பட்டியலைக் கண்மூடி நம்பவும் கூடாது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்கா அருகே சிவப்புச் சேற்று அணை உடைந்து 10 பேர் இறந்தார்கள். பலருக்கு உடம்பில் காரத் தீப்புண். சேற்றின் பி.ஹெச். ஏறக்குறைய 13. ஆனால் அன்றைய ஐரோப்பியப் பட்டியலில் சிவப்புச் சேற்றுக்கு அபாயமற்றது என்ற குறியீடுதான் இருந்தது. அபாயப் பொருள் உள்ள சிவப்புச் சேற்றுக்கென்று நட்சத்திரத்தோடு தனிப் பதிவு வந்தது 2014 திருத்தத்தில்தான். காகிதம் ஒன்று சொல்லும்போது பி.ஹெச். தாள் வேறொன்று சொன்னால், நான் தாளைத்தான் நம்புவேன்.

படி 5: நான்கு குணங்களைச் சோதியுங்கள்

பட்டியலில் பெயர் இல்லையென்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. குணம் இருந்தாலும் அபாயக் கழிவுதான். அமெரிக்க விதியின் எல்லைகளையே உதாரணமாகத் தருகிறேன். உங்கள் நாட்டு எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தீப்பற்றும் தன்மை: திரவத்தின் தீப்பற்று நிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. அரிக்கும் தன்மை: நீர்க்கழிவின் பி.ஹெச். 2 அல்லது அதற்குக் கீழே, இல்லாவிட்டால் 12.5 அல்லது அதற்கு மேலே. வினைபுரியும் தன்மை: தண்ணீர் பட்டால் பொங்குவது, அதிர்ந்தால் வெடிப்பது, சயனைடு அல்லது சல்ஃபைடு இருந்து நச்சு வாயு விடுவது. இந்த மூன்றாவதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. வேதியியல் தெரிந்தவரின் கண்தான் கருவி.

நான்காவது நச்சுத்தன்மை. இதற்குக் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். திடக் கழிவை 9.5 மில்லிமீட்டருக்குள் நொறுக்கி, எடையைப் போல 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, சுமார் 18 மணி நேரம் சுழற்றி, வடித்த நீரை அளப்பார்கள். குப்பைமேட்டின் அமில நீர் இந்தக் கழிவிலிருந்து எதையெல்லாம் கரைத்து நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும் என்பதன் போலி ஒத்திகை அது. லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், குரோமியம் 5, ஆர்சனிக் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2, பென்சீன் 0.5 என்ற அளவை எட்டினால் அபாயக் கழிவு.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முழுக்கத் திடமான கழிவில் மொத்த ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவு என்றால் கசிவுச் சோதனையே தேவையில்லை. அத்தனையும் கரைந்தாலும் 20 மடங்கு திரவத்தில் லிட்டருக்கு 5-ஐ எட்டாது. மற்ற உலோகங்களுக்கும் இதே கணக்குப் போடலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. டிரம்மின் மேல்மட்டத்தில் கரண்டி விட்டு எடுத்தால் மேலே மிதக்கும் எண்ணெய்தான் வரும்; கன உலோகம் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நீளக் குழாயை அடிவரை விட்டு எல்லாப் படலமும் வரும்படி எடுக்க வேண்டும். ஒரு நாள் எடுத்த ஒரு மாதிரியை வைத்து ஒரு வருடக் கழிவுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 6: கலந்தபின் என்ன ஆகிறது என்று பாருங்கள்

ஒரு டிரம் அபாயக் கழிவில் பத்து டிரம் தண்ணீர் ஊற்றினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலான சட்டங்களின் கண்ணில் பதினோரு டிரம் அபாயக் கழிவு. நீர்க்கச் செய்து எல்லைக்குக் கீழே இறக்குவது வகை பிரித்தல் ஆகாது. அமெரிக்க விதிகளில், பட்டியலிட்ட கழிவைச் சுத்திகரித்ததில் மிஞ்சும் கசடும், எரித்ததில் மிஞ்சும் சாம்பலும் பொதுவாக அதே குறியீட்டைத்தான் சுமக்கும். எனவே கழிவு பிறக்கும் குழாயடியிலேயே தனித்தனியாகப் பிடிப்பதுதான் மலிவு.

படி 7: எது எதோடு சேரக் கூடாது

சட்டக் குறியீடு ஒன்றாக இருப்பதால் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சயனைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. சல்ஃபைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் குளோரின். அலுமினியத் தூளில் காரம் பட்டால் ஹைட்ரஜன். நைட்ரிக் அமிலக் கழிவில் கொஞ்சம் கரைப்பானை ஊற்றி மூடியை இறுக்கினால், சில மணி நேரத்தில் டிரம் வெடிக்கலாம். ஆளி விதை எண்ணெய் போல உலரும் எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

பூச்சுத் தொழிலில் இது தினசரிக் கவலை. குரோமியத்தை ஆறிணைதிறத்திலிருந்து மூவிணைதிறமாக்க பி.ஹெச். 2, 3 என்ற அமில நிலை வேண்டும். சயனைடைச் சிதைக்க பி.ஹெச். 10-க்கு மேல் காரம் வேண்டும். இரண்டு வடிகால்களும் எங்காவது சந்தித்தால் ஆள் சாகும். அந்தக் குழாய்களுக்கு வேறு வேறு நிறம் அடிப்பதுகூட வகை பிரித்தலின் பகுதிதான்.

படி 8: ஒரு கழிவுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்

செம்பு, நிக்கல், குரோமியம் பூசும் பட்டறையை வைத்து எழுதிப் பார்ப்போம். கசடு: பூச்சுக் கழுவுநீர்ச் சுத்திகரிப்பில் பிறந்தது, பாசெலில் ஒய் 17, அமெரிக்காவில் எஃப் 006, ஐரோப்பாவில் 11 01 09 அல்லது 11 01 10 என்ற ஜோடி, நிக்கலும் குரோமியமும் இருப்பதால் நட்சத்திரமுள்ள முதலாவதைத் தற்காலிகமாக எழுதி, சோதனை வந்தபின் உறுதி செய்யலாம். துருவெடுத்த அமிலம்: 11 01 05, நட்சத்திரம் உண்டு, சயனைடு அறையிலிருந்து தள்ளி. பிசுக்கெடுத்த குளோரினேற்றக் கரைப்பான்: 14 06 02. துடைத்த துணி: 15 02 02. காலி ரசாயனப் பீப்பாய்: 15 01 10. இவை மூன்றும் நட்சத்திரக் குறியீடுகளே.

ஒவ்வொரு பக்கத்திலும் பிறந்த கட்டம், மூலப்பொருட்கள், அவற்றின் பாதுகாப்புத் தரவுத் தாள், மாதிரி எடுத்த நாள், சோதனை முடிவு, ஏன் இந்தக் குறியீடு என்று இரண்டு வரிக் காரணம், எதோடு சேரக் கூடாது, முடிவு செய்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். அந்த இரண்டு வரிக் காரணம்தான் பின்னால் வருபவருக்கு உயிர் காக்கும் தகவல். அபாயமற்றது என்று முடிவு செய்த கழிவுக்கும் இதே பக்கம் வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, இந்தப் பக்கங்களை எப்போது திருத்துவது? வருடத்துக்கு ஒருமுறை என்று நாள்காட்டியில் குறித்து வைப்பது வழக்கம், நல்லதுதான். ஆனால் வகை மாறுவது நாள்காட்டியைப் பார்த்து அல்ல. கொள்முதல் பிரிவு விலை குறைவு என்று வேறு கரைப்பான் வாங்கிய அன்று மாறுகிறது. சயனைடுக் குளியலை நிறுத்திவிட்டுக் காரக் குளியலுக்குப் போன அன்று மாறுகிறது. டிரம்மின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் பழையதாகவே இருக்கும். அதனால் புதிய ரசாயனம் வாங்கும் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்: இதன் கழிவு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சரக்கை உள்ளே விட வேண்டாம்.